அந்த நோயாளி என்ன ஆனார்?

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கெடிலம் ஆற்றுப் பாலத்திலேயே வேன்கள் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே காலையில் அங்கே கோயிலை ஒட்டிய சின்ன மலைமேல் ஐம்பது அறுபது தாலி ஏறும். அப்படி ஒரு ஆவணிக் காலையில், காத்தவராயன் மகள் கல்யாணப் பந்தியில்தான் உத்திராபதியின் வலது கை நாலு பேர் எதிரில் அவரைக் காட்டிக்கொடுத்தது.

காத்தவராயனும் அவரும் கடலூரில் ஒரே கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். உத்திராபதி அங்கே இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். முப்பத்தைந்து வருட சர்வீஸ். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, வயது அறுபத்தேழு. கையில் ஏதோ கோளாறு என்று நாலைந்து மாதமாகவே அவருக்குத் தெரியும். சட்டைப் பொத்தான் போடத் தாமதமானது. சாவி துவாரத்தைச் சுற்றிக் கதவெல்லாம் கீறல் விழுந்தது. வயசாயிற்று என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பந்தியில் பாயசம் வந்தது, காகிதக் கப்பில். எடுத்தபோது கை நன்றாகத்தான் இருந்தது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் கை இடப்பக்கம் போயிற்று. அதைத் திருத்த வலப்பக்கம் இழுத்தார், அது அளவுக்கு மீறி வலப்பக்கம் போயிற்று. திரும்ப இழுத்தார். மூன்றாவது வீச்சில் கப்பு துள்ளிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. சூடான பாயசம். அந்த மனிதர் இலையோடு எழுந்துவிட்டார்.

"விடியறதுக்குள்ள ஊத்திக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கான் பாரு" என்று எதிர்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

உத்திராபதி வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவர் மனைவி மங்கலம் பெண்கள் வரிசையிலிருந்து ஓடி வந்தாள். தன் முந்தானையாலேயே அந்த ஆளின் வேட்டியைத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, புருஷனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். காத்தவராயன் ஏதோ ஆறுதலாகச் சொன்னார். உத்திராபதியின் காதில் எதுவும் விழவில்லை.

திருப்பாப்புலியூர் வீட்டுக்கு வந்ததும் மங்கலம் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவர் கழற்றவில்லை. மேசையில் ஒரு காகிதத்தைப் போட்டு அதில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். போடவே கஷ்டப்பட்டார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார். நடுக்கமே இல்லை, கல் மாதிரி இருந்தது. மெல்ல நீட்டி, பென்சில் முனையால் அந்தக் குறியைத் தொடப் போனார். பாதி தூரம் வரை சரியாகப் போயிற்று. குறிக்குக் கிட்டே போகப் போக ஆட்டம் வந்தது. எவ்வளவு கவனமாக இருந்தாரோ அவ்வளவுக்கு ஆட்டம் அதிகமாயிற்று.

"இன்னா மாமா பண்றீங்க, சின்னப் புள்ள மாதிரி?"

"இரு. இது நடுக்கம் இல்ல மங்கலம். இது ஹண்டிங்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக வந்தது. கம்பெனியில் அது தினப்படி வார்த்தை. நீராவிக் குழாயில் ஒரு தானியங்கி வால்வு இருக்கும். அழுத்தம் குறைந்தால் அது திறக்க வேண்டும், கூடினால் மூட வேண்டும். சில நாள் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். கொஞ்சம் குறைந்தால் ரொம்பத் திறக்கும், அழுத்தம் எகிறும். பதறிப்போய் ரொம்ப மூடும், அழுத்தம் விழும். அழுத்தத்தைக் குறிக்கிற வட்டச் சார்ட்டில் சிவப்பு மை முள் மேலும் கீழும் பல் பல்லாகக் கிறுக்கிக்கொண்டே போகும். ஆபரேட்டர்கள் ஓடி வருவார்கள்: "சார், ஹண்டிங் அடிக்குது!" உத்திராபதி போய்ச் சின்னத் திருகு ஒன்றைக் கால் சுற்றுத் திருப்புவார். வால்வை இயக்குகிற கண்ட்ரோலரின் வேகத்தைக் குறைக்கிற திருகு அது. முள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி நேர்க்கோட்டில் போகும். அந்தக் கோடு நேராவதைப் பார்க்க அவருக்கு எப்போதும் பிடிக்கும். வேலை முடிந்தும் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார்.

இன்றைக்கு அவருக்கு நினைவு வந்தது கம்பெனி இல்லை, சிதம்பரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.

அண்ணாமலைநகரில் மூன்றாம் வருடம் எலக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் நெல் விவசாயம் பண்ணுகிற வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்கு வந்தவர். சுப்பிரமணியன் என்று ஒரு பேராசிரியர். குள்ளமாக இருப்பார், மூக்குப்பொடி போடுவார், கதர்ச் சட்டையில் எப்போதும் சாக்பீஸ் தூள். அவர் இளவயதில் கல்கத்தாவில் புள்ளியியல் படித்தபோது, ஐம்பத்தைந்து ஐம்பத்தாறில், அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கணித மேதையின் பேச்சுகளைப் போய்க் கேட்டவர். தாடி வைத்த, குண்டான, கிட்டப்பார்வைக்காரர் அந்த மேதை. சைபர்நெட்டிக்ஸ் என்ற படிப்பையே உண்டாக்கியவர். அந்தப் பேச்சுகளின் குறிப்புகள் சுப்பிரமணியன் சாரிடம் நீல மையில் ஒரு நோட்டு நிறைய இருந்தன. பாடத்திட்டத்தில் அது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருக்கு விருப்பமோ அவர்கள் வகுப்பறைக்கு வரலாம் என்றார். முதல் வாரம் பதினாறு பேர் வந்தார்கள். நாலாம் வாரம் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் உத்திராபதி. இன்னொருத்தி ஆரோக்கியம்மாள்.

ஆரோக்கியம்மாள் கடலோரத்துக் கிள்ளைக்காரி. அப்பா படகுக்காரர். கிறிஸ்தவ மடத்துப் பள்ளியில் படித்து, உதவித்தொகையில் வந்திருந்தாள். வகுப்பில் இருந்த மூன்று பெண்களில் கை தூக்கிக் கேள்வி கேட்கிறவள் அவள் ஒருத்திதான். முதல் நாள் சார், "சைபர்நெட்டிக்ஸ்ங்கற வார்த்தை கிரேக்க மொழியில இருந்து வந்தது. அதுக்குக் கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவன்னு அர்த்தம்" என்றபோது, "எங்கப்பா அதத்தான் சார் பண்றாரு" என்று எழுந்து நின்றே சொன்னாள். சார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நீ எனக்குப் பாடம் எடும்மா. உங்கப்பா எப்படிப் படகை நேரா ஓட்டுறாரு?" என்றார். அவள் சொன்னாள்: "நேரால்லாம் ஓட்ட முடியாது சார். கொஞ்சம் அந்தாண்ட போவும், இழுப்பாரு. கொஞ்சம் இந்தாண்ட போவும், தள்ளுவாரு. பழகாதவன் புடிச்சா ஜாஸ்தி இழுத்துடுவான், படகு பாம்பு மாதிரி போவும்."

"இதுதான், இதுதான்!" என்று சார் மேசையைத் தட்டினார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிப்பு பிறந்த கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர். பறக்கிற விமானத்தைச் சுடும் பீரங்கியைத் தானாகக் குறிபார்க்க வைக்க வேண்டும் என்று அந்தக் கணிதக்காரரிடம் வேலை கொடுத்தார்கள். பீரங்கி தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அவரும் அவருடைய இன்ஜினியரும் கணக்குப் போட்டுப் பார்த்தால், திருத்தம் அளவுக்கு மீறினால் பீரங்கி குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெறிபிடித்து ஆடும் என்று வந்தது. உடனே அவருக்கு ஒரு சந்தேகம். மனிதக் கையும் இதே மாதிரிதானே தன்னைத் திருத்திக்கொண்டு பொருளை எடுக்கிறது? அப்படியானால் மனிதனுக்கும் இந்த வியாதி வர வேண்டுமே? நண்பரான ஒரு மருத்துவரிடம் கேட்டார்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னார்: உண்டு, அப்படி ஒரு நோய் இருக்கிறது. சிறுமூளை கெட்டால் வரும். சும்மா இருந்தால் கை ஆடாது. ஒரு டம்ளரை எடுக்கப் போனால் ஆடும்.

"அந்த பதில்லதான் இந்த சயின்ஸே பொறந்தது" என்று முடித்தார் சார். "இயந்திரத்துக்கும் உயிருக்கும் ஒரே கணக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது."

உத்திராபதி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். ஆரோக்கியம்மாள் கை தூக்கினாள்.

"அந்த நோயாளி என்ன ஆனாரு சார்?"

சார் நோட்டைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். "அது இதுல இல்லம்மா" என்றார்.

அந்த ஒரு வருடம் உத்திராபதியின் வாழ்வில் வேறெதுவும் ஈடாகாத வருடம். வகுப்பு முடிந்து மூவரும் ரயில்வே கேட் வரை நடப்பார்கள். கேட் மூடியிருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம், பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. சார் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட், மனிதனின் ரத்தச் சூடு, சந்தையில் கத்தரிக்காய் விலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசுவார். இதையெல்லாம் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதலாம் என்று முடிவாயிற்று. மொத்தம் ஆறு அத்தியாயம். இயந்திரம் பற்றி மூன்று ஆரோக்கியம்மாளுக்கு. உடம்பு, மூளை, சமூகம் என்று மூன்று உத்திராபதிக்கு. பெயர் வைப்பதில் மட்டும் சண்டை. இவர் தன்னாள்வியல் என்றார். அவள் சுக்கானியல் என்றாள். "உங்க பேர கேட்டா ஏதோ முனிசிபாலிட்டி மாதிரி இருக்குது" என்று அவள் சொன்னதற்கு இரண்டு நாள் இவர் பேசவில்லை.

எண்பத்தொன்றில் படிப்பு முடிந்தது. இவருக்குக் கடலூரில் வேலை கிடைத்தது. அவள் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியராகப் போனாள். தன் மூன்று அத்தியாயங்களையும் எழுதி, ஒரு வருடத்துக்குள் இவருக்கு அனுப்பிவிட்டாள். இவர் ஒரு வரி எழுதவில்லை. முதலில் ஷிப்ட் வேலை, அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை. அவளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. எழுதி முடித்துவிட்டே பதில் போடலாம் என்று நினைத்தார். நாள் ஆக ஆக வெட்கம் கூடியது. வெட்கம் கூடக் கூட நாள் தள்ளிப்போயிற்று. எந்தத் திருகும் இல்லாத சுற்று அது என்று அவருக்கே தெரிந்திருந்தது. சுப்பிரமணியன் சார் தொண்ணூற்றிரண்டில் தவறியபோதும், ஆரோக்கியம்மாள் அங்கே இருப்பாளே என்று பயந்துகொண்டு போகாமல் இருந்துவிட்டார்.

கல்யாணப் பந்தி நடந்து பத்து நாளில் மங்கலம் அவரைச் சிதம்பரத்துக்கு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இசைவாணி என்று ஒரு நரம்பு டாக்டர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவர் மூக்கையே அவரைத் தொடச் சொன்னாள், பிறகு தன் விரலைத் தொடச் சொன்னாள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சிறுமூளையில ஒரு பழைய அடைப்பு இருக்கு சார். எப்பவாவது தலை சுத்தி விழுந்தீங்களா?"

மங்கலம்தான் பதில் சொன்னாள். "பங்குனில ரெண்டு நாளு தலை சுத்துது, வாந்தி வருதுன்னு படுத்துக் கெடந்தாரும்மா. பித்தம்னு நெனச்சு இஞ்சிச் சாறு குடுத்தேன்."

"உங்க தப்பு இல்லம்மா. நெறைய பேருக்கு அப்படித்தான் தெரியாமப் போயிடும். எதையாவது எடுக்கப் போனா மட்டும் வர்ற இந்த நடுக்கத்துக்கு இன்டென்ஷன் ட்ரெமர்னு பேரு சார்."

"பர்பஸ் ட்ரெமர்" என்றார் உத்திராபதி, சாரின் நோட்டில் இருந்த பெயரை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அது ரொம்பப் பழைய பேராச்சே. நீங்க டாக்டரா?"

"வால்வுக்கு டாக்டரு" என்றார். அன்றைக்குத்தான் பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தார். பீரங்கிக் கதையையும் சொன்னார். வெளியே இருபது பேர் காத்திருந்தும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரல சார். இப்போ சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு இன்சுலின் பம்ப் வருது. சர்க்கரைய அதுவே பாத்து, அதுவே அளந்து போடுது. அதுவும் இதே கணக்குதான் இல்ல?"

"அதேதாம்மா. வீட்டு ஃபிரிட்ஜும் அதே கணக்குதான்."

இந்த நடுக்கத்துக்கு மாத்திரை பெரிதாக உதவாது, பயிற்சி செய்ய வேண்டும், மணிக்கட்டில் எடை கட்டினால் சிலருக்குக் குறைகிறது, பார்க்கலாம் என்றாள். அடுத்த மாதம் வரச் சொன்னாள்.

வெளியே வந்ததும் உத்திராபதி பஸ்ஸுக்குப் போகாமல் ரயில்வே கேட் பக்கமாக நடந்தார். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கேட் மூடியிருந்தது. அவர் நின்றார். மங்கலமும் நின்றாள். முதன்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்: நோட்டு, அத்தியாயம், பெயர்ச் சண்டை, போகாத சாவு.

"மூணாவது லெட்டர போஸ்ட்மேன்கிட்ட நாந்தான வாங்குனேன்" என்றாள் மங்கலம். "பதில் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். அவுங்க இப்ப எங்க இருக்காங்க?"

"கிள்ளையிலயே இருக்காங்கன்னு பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தாங்க."

"இங்கேர்ந்து எவ்ளோ நேரம்?"

"பஸ்ல அரைமணி."

"அப்ப இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

கிள்ளையில் மாதா கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் வலை காய்ந்தது. கதவைத் திறந்த ஆரோக்கியம்மாளுக்கு முடி முழுக்க வெள்ளை, குட்டையாக வெட்டியிருந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இவரையே பார்த்தாள். இவர் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நாப்பத்து நாலு வருஷம் லேட்டு. மூணு அத்தியாயமும் கொண்டாந்திருக்கீங்களா?"

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல ஆரோக்கியம்."

"சரி, உள்ள வாங்க. வாம்மா. நீதான் மங்கலமா? கல்யாணப் பத்திரிகை மட்டும் ஒழுங்கா வந்துச்சு."

எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். இவர் தொடவில்லை. பேச்சு சாரைப் பற்றிப் போயிற்று, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று போயிற்று. டீ ஆடை கட்டியது. "எங்க வூட்டு டீ குடிக்க மாட்டீங்களா?" என்றாள் ஆரோக்கியம்மாள், கொஞ்சம் சுருக்கென்று.

மங்கலம் ஏதோ சொல்ல வந்தாள். உத்திராபதி அவளைத் தடுத்துவிட்டு, "பாருங்க" என்று கையை நீட்டினார். டம்ளரைப் பிடிப்பதற்கே நாலு வீச்சு ஆயிற்று. தூக்கியபோது பாதி டீ தரையில் கொட்டியது.

ஆரோக்கியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார் சொன்னதேதான்" என்றாள். "நான் ஒரு கேள்வி கேட்டேனே."

"அந்த நோயாளி என்ன ஆனாருன்னு."

"வேலையில சேந்த அப்புறமும் தேடிப் பாத்தேன் உத்திராபதி. லைப்ரரி லைப்ரரியா. பீரங்கி இன்னா ஆச்சுன்னு எழுதியிருக்காங்க. அந்தக் கணக்குலேர்ந்து ஏவுகணை வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, ரோபோ வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அந்த டம்ளர எடுக்க முடியாத ஆளு யாரு, அவரு இன்னா ஆனாருன்னு ஒருத்தரும் எழுதல. எனக்குக் கெடைக்கல."

"இன்னா ஆயிருப்பாரு?" என்றாள் மங்கலம், தரையைத் துடைத்துக்கொண்டே. "பொண்டாட்டி ஊட்டி வுட்டிருப்பா."

பத்து நாளாக இவருக்குச் சோறு ஊட்டுகிறவள் அவள்தான் என்று ஆரோக்கியம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் சொன்னதையெல்லாம் உத்திராபதி சொல்லி முடித்ததும் அவள் திடீரென்று எழுந்தாள். "டாக்டரு எடை கட்டச் சொன்னாங்கன்னீங்களே, எவ்ளோ?"

"அளவு சொல்லல. பாக்கலாம்னாங்க."

"அளவு சொல்லலன்னா நாமதான் கண்டுபுடிக்கணும். வேற எதுக்குப் படிச்சோம்?"

கொல்லைப்புறக் கொட்டகையில் அவள் அண்ணன் வலையில் கோக்க வாங்கி வைத்திருந்த ஈயக்குண்டுகள் ஒரு வாளி நிறைய இருந்தன. சின்னச் சின்னதாக, நடுவில் துளையோடு. மளிகைக்கடைத் தராசில் ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்து வந்தாள். மங்கலம் ஒரு பழைய துண்டைக் கிழித்து, மணிக்கட்டைச் சுற்றுகிற பட்டையாக மடித்து, உள்ளே வரிசையாகப் பைகள் தைத்தாள். சுவரில் ஒரு கிராஃப் காகிதம் ஒட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளி. உத்திராபதி பென்சிலோடு அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். ஆட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று ஆரோக்கியம்மாள் அளந்து எழுதினாள்.

எடை இல்லாமல் ஐந்து. இருநூறு கிராமில் நாலு. முந்நூறில் மூன்று. நானூறில் இரண்டுக்கும் குறைவு. ஐந்நூறு போட்டபோது மறுபடி கூடியது.

"தோள் சலிச்சுப்போச்சு. அதான்" என்றார் உத்திராபதி.

"சலிப்பு இல்ல. எடை கூடினா நிக்கறதுக்கும் லேட்டாவும். லேட்டானா மறுபடி ஹண்டிங்தான்."

"அது கனத்தால வர்ற இனெர்ஷியா. நீங்க ஆட்டத்த அடக்குற டேம்பிங்கோட போட்டுக் குழப்புறீங்க."

"யாரு குழப்பறது? மூணாவது வருஷமே உங்களுக்கு அது தகராறு."

"சண்டைய அப்புறம் வச்சுக்குங்க" என்றாள் மங்கலம். "மீன் கொழம்பு ஆறுது. அப்புறம் இன்னொண்ணு. இந்தப் படிப்புக்கு இன்னா பேருன்னீங்க?"

"சைபர்நெட்டிக்ஸ்."

"சைபரா? போன் பண்ணா மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு சொல்லுதே, ஓடிபி சொல்லாதீங்க, ஏமாந்து போவாதீங்கன்னு, அந்த சைபரா?"

ஆரோக்கியம்மாளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பன் தொழில் பேர எடுத்துத் திருடனுக்கு வச்சுட்டானுங்க பாரும்மா. அதேதான். பிரவுசிங் சென்டருக்கு வச்சாங்க, அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வச்சாங்க. பேரு மட்டும் ஊரெல்லாம் சுத்துது, யாரு பேருன்னு எவனுக்கும் தெரியாது."

சாப்பிட்ட பிறகு, கட்டிய பட்டையோடு உத்திராபதி தானே மோர் குடித்தார். கொஞ்சம் சிந்தியது, சட்டைமேல் இல்லை. மங்கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை எடுத்துப் போனாள்.

ஆரோக்கியம்மாள் அலமாரியிலிருந்து ஜெராக்ஸ் பண்ணித் தைத்த ஒரு புத்தகத்தை எடுத்தாள். 'சுக்கானியல்: ஓர் அறிமுகம்'. முப்பது வருடம் பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர் இருந்தன. இரண்டாவது பெயர்மேல் கோடு அடித்திருந்தது.

"முதல் வருஷம் உங்க பேரும் போட்டேன். நீங்க அனுப்புவீங்கன்னு. அடுத்த வருஷம் அடிச்சிட்டேன்."

"சரிதான்" என்றார் உத்திராபதி. அவருக்கு அது நியாயமாகவே பட்டது. யாராவது அந்தக் கோட்டை இன்னும் நாலு தரம் அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "என் மூணும்?"

"நானே எழுதினேன். உடம்பும் மூளையும் சுமாரா வந்துச்சு. சமூகம்தான் வரல. சார் ஒருநாள் கேட்டுல நிக்கும்போது சொன்னாரு, ஞாபகம் இருக்கா? ஜனங்க என்ன பாக்குறாங்கன்னு மெஷின் பாக்கும், மெஷின் என்ன காட்டுதோ அத ஜனங்க பாப்பாங்க, நடுவுல நிறுத்தறதுக்கு ஆளில்லன்னா ஒரு ஊருக்கே இந்தக் கை நடுக்கம் வரும்னு. அன்னிக்கு டிவியே இல்ல நம்மூர்ல. எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப எங்க அண்ணன் போன எடுத்தா ராத்திரி பகலா சண்டை வீடியோவா வருது. ஒண்ணு பாத்தா பத்து காட்டுது. மனுஷன் நல்ல மனுஷன், பக்கத்து வூட்டுக்காரன்கிட்ட பேச்ச நிறுத்திட்டாரு. சாரு சொன்னது இதத்தான்னு இப்பதான் தெரியுது."

"அத நான் எழுதுறேன்" என்றார் உத்திராபதி.

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"பேசுனா போனே எழுதிடுது ஆரோக்கியம். இந்தத் தடவை எனக்குச் சாக்கு இல்ல."

"மொதல்ல எழுதுங்க" என்றாள். நம்பிக்கையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை, அவர்கள் கிள்ளைக்குப் போனார்கள். அல்லது அவள் கடலூருக்கு வந்தாள். எடையை முன்கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்த்தார்கள். குறியைப் பார்க்காமல் வேறெங்காவது பார்த்துக்கொண்டு போனால் ஆட்டம் குறைகிறது என்று மங்கலம்தான் கண்டுபிடித்தாள். அத்தியாயம் நாலு பக்கம் வந்தது. அதில் இரண்டு பக்கத்தை ஆரோக்கியம்மாள் சரியில்லை என்று தள்ளிவிட்டாள்.

ஐப்பசியில் டாக்டர் இசைவாணி அவர்களுடைய கிராஃபை வாங்கி மேசைமேல் விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் தேதி, எடை, கை ஓய்ந்திருந்ததா இல்லையா என்று குறித்திருந்தது. போன் எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

"சார், லால்பேட்டையில ஒருத்தர் இருக்காரு. உங்களுக்கு வந்ததேதான். இங்க வரவே மாட்டேங்கறாரு. அவர் மகன்தான் வந்து மாத்திரை வாங்கிட்டுப் போறாரு. அவர் சம்மதிச்சா, நீங்க ஒருதரம் போய்ப் பாக்க முடியுமா?"

மழை விட்ட ஒரு காலையில் மூன்று பேரும் லால்பேட்டைக்குப் போனார்கள். ஆரோக்கியம்மாள் ஈயக்குண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் வீராணம் கரையோரமாகப் போனது. ஏரி நிறைந்து கிடந்தது. "எங்க ஊரு அந்தாண்ட" என்று உத்திராபதி ஜன்னல் வழியாகக் காட்டினார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

கமாலுதீன் பாய் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். எழுபது வயது இருக்கும். நல்ல உயரம். நாற்காலியில் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க" என்றார். கையை எடுக்கவில்லை. "டாக்டரம்மா அனுப்பிச்சாங்களாமே. இன்னா பண்ணப் போறீங்க? அல்லா குடுத்தது. எட்டு மாசமா பள்ளிவாசலுக்குப் போவுறது இல்ல. தொழுகைக்கு முன்னாடி கை, முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணி பக்கத்துல நிக்கறவங்க மேலல்லாம் தெறிக்குது. எல்லாரும் பாக்கறாங்க."

"ஒரு கல்யாணத்துல நான் ஒருத்தர் வேட்டியில பாயசத்த ஊத்திட்டேன் பாய்" என்றார் உத்திராபதி. "குடிகாரன்னுட்டாங்க."

பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். உத்திராபதி தன் பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். அது ஆடியது. பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மடியிலிருந்து தன் கையை எடுத்து அதன் பக்கத்தில் நீட்டினார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடப் போய், தொடாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. பாய்க்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி, என்ன ஆயிற்றோ என்று திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

சுவரில் காகிதம் ஒட்டினார்கள். நானூறு கிராம் போட்டார்கள். அவருக்கு அது போதவில்லை. உயரமான ஆள், நீளமான கை. ஐந்நூற்றைம்பதில் ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்கு மேல் போட்டால் அவருக்கும் கூடியது. ஆரோக்கியம்மாள் எழுதிக்கொண்டாள். நேரம் பதினொன்று ஆகியிருந்தது.

பாய் பட்டையோடு எழுந்து போனார். கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, நிற்கிற சத்தம் கேட்டது, மறுபடி திறந்தது. வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகமும் முன்கையும் ஈரமாக இருந்தன. பட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"துணி நனையுதே" என்றார்.

"ரெக்சின்ல தச்சுக் குடுக்கறேன் பாய்" என்றாள் மங்கலம். "அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துடும்."

"இந்த வெள்ளிக்கெழமைத் தொழுகைக்குத் தர முடியாதா?" என்று கேட்டார் பாய்.

மங்கலம் கணக்குப் போட்டாள். அன்று செவ்வாய். திரும்பும் வழியில் காட்டுமன்னார்கோயிலில் ரெக்சின் கிடைக்கும். தைத்தால் ஒரு நாள் வேலை. "வியாழக்கெழமை மாமா கொண்டாந்து குடுப்பாரு" என்றாள். ஆரோக்கியம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டதும் மூன்று பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.